டர்போ போட்ட வீரா காரை யாரிடம் டியூன் கொடுப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரியட்டும். பழைய 1.5 லிட்டர் புரோட்டோன் வீரா ஒன்றை வாங்கி, ஹாஃப் கட்டில் (ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்) வந்த மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ இன்ஜினை அதில் ஏற்றியிருக்கிறீர்கள். அதோடு பெரிய டிடி05 டர்போ, முன் பம்பருக்குள் இன்டர்கூலர், ஒரு ஸ்டாண்ட்அலோன் ஈசியூ (கம்பெனி கம்ப்யூட்டருக்குப் பதிலாக இன்ஜினை நடத்துகிற தனிக் கம்ப்யூட்டர்). வயரிங் முடிந்துவிட்டது, டியூன் மட்டும்தான் பாக்கி. சுங்கை சிப்புட்டில் உங்கள் காரைச் செய்துகொடுத்த ஃபோர்மன் (மெக்கானிக்), மாதம் ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து ஒரு டியூனர் வருவார், ராத்திரியில் ரோட்டில் ஓட்டியே லேப்டாப்பில் முடித்துவிடலாம் என்கிறார். நண்பர்களோ, இதே இன்ஜினில் 300 ஹார்ஸ்பவர் காட்டிய கோலாலம்பூர் கடைக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். யாரை நம்புவது?

இது ஒரே ஆள் செய்கிற வேலை என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் குழப்பம். இன்ஜினை நல்ல நிலையில் கொண்டுவந்து நிறுத்துவது ஒரு தொழில், அதற்கு எரிபொருளும் டைமிங்கும் (ஸ்பார்க் விழுகிற நேரம்) கணக்குப் போட்டுக் கொடுப்பது வேறு தொழில். முதல் வேலைக்கு உங்கள் ஊர் ஃபோர்மனையே நம்பலாம். இரண்டாவது வேலைக்கு, தொடுவதற்கு முன் அளக்கிற ஆளை, அளந்ததை உங்களிடம் காட்டுகிற ஆளைத் தேடுங்கள். அவர் ஈப்போவில் இருந்தாலும் சரி, கோலாலம்பூரில் இருந்தாலும் சரி.

ஊர் ஃபோர்மனைக் குறைவாக நினைக்காதீர்கள். நம் பக்கத்து வயதான ஃபோர்மன்கள் நிறைய பேர் தோட்டத்து வொர்க்‌ஷாப்பிலோ செம்பனை ஆலையிலோ தொழில் கற்றவர்கள். டிராக்டர், லோரி, ஆலையின் பம்ப் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பூட்டியவர்கள். மவுன்டிங் வெல்டிங் வைப்பது, போல்ட்டை எந்த அளவுக்கு முறுக்குவது, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு எந்த பேரிங் என்று சொல்வது, இதிலெல்லாம் நகரத்துப் பளபளப்பான கடையில் இருக்கிற இளம்பையனைவிட அவர் கை தேர்ந்தது. ஆனால் ஸ்டாண்ட்அலோன் ஈசியூவில் ஆயிரக்கணக்கான எண்கள் இருக்கின்றன. அதை நிரப்புவது அவர் கற்ற வேலை இல்லை, அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை, வேறொரு ஆளை வரவழைக்கிறேன் என்றுதான் சொல்கிறார். நேர்மையான பேச்சு அது.

ஆகவே டியூனுக்கு முன்னால் அவரிடம் செய்து வாங்க வேண்டிய வேலையைச் சொல்கிறேன். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த இன்ஜின் 1990-களின் முதல் பாதியில் ஜப்பானில் ஓடிய ஒன்று, இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது. உள்ளே என்ன நிலை என்று பார்க்காமல் பூஸ்ட் (டர்போ கொடுக்கிற காற்றழுத்தம்) ஏற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். இன்ஜின் சூடாக இருக்கும்போது, பேட்டரி முழு சார்ஜில், திராட்டில் முழுக்கத் திறந்து, எரிபொருளும் ஸ்பார்க்கும் துண்டித்து, நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். நாலும் ஒன்றுக்கொன்று சுமார் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு பக்கம் சந்தேகப்பட வேண்டும். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர் மூன்றும் புதிது போட்டாயிற்றா? ஹாஃப் கட்டில் வந்த பெல்ட்டோடு டைனோவில் (காரை நிறுத்திவைத்தே ஓட்டிச் சக்தியை அளக்கிற இயந்திரம்) ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இன்ஜெக்டர் நாலையும் கழற்றி அல்ட்ராசோனிக்கில் கழுவி, ஒவ்வொன்றும் எவ்வளவு பீய்ச்சுகிறது என்று அளந்த தாளை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டிருந்தாலும் அந்த சிலிண்டர் மட்டும் எரிபொருள் போதாமல் ஓடும், எக்ஸாஸ்டில் இருக்கிற சென்சார் நாலையும் சேர்த்துச் சராசரியாகத்தான் பார்க்கும், அது கண்டுபிடிக்காது. அப்புறம் டர்போவிலிருந்து இன்டேக் வரை எல்லா ஹோஸ்களையும் அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, எங்கே ஊதுகிறது என்று சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் உங்கள் ஊரிலேயே முடிகிற வேலை. இதைச் செய்யாமல் டைனோவுக்குப் போனால், வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோஸ் கிளிப் இறுக்கிக்கொண்டு நிற்பீர்கள்.

சரி, டியூனரிடம் வருவோம். தப்பான டியூன் ஏன் இன்ஜினைக் கொல்கிறது என்று தெரிந்தால்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரியும். டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கிற கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். ரோட்டில் எக்ஸாஸ்ட் சத்தத்தில் அது உங்கள் காதில் விழாது. காதில் விழுகிற அளவுக்கு வந்தபோது பிஸ்டனின் ரிங் பகுதி உடைந்திருக்கும். நம் ஊரில் பகலில் 33, 34 டிகிரி வெயில் சாதாரணம். ஈப்போ டிராஃபிக் லைட்டில் ஐந்து நிமிடம் நின்றால் இன்டேக் காற்றின் சூடு அதைவிட எவ்வளவோ மேலே போய்விடும், பச்சை விழுந்ததும் நீங்கள் மிதிப்பீர்கள். அந்த நேரத்துக்கு ஈசியூ என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறாரா? இன்டேக் சூடு ஏற ஏற டைமிங்கைக் குறைக்கிற ஒரு அட்டவணை எல்லா நல்ல ஈசியூவிலும் உண்டு. ராத்திரி குளிர்ந்த காற்றில், பெரிய ஃபேன் முன்னால் டியூன் செய்துவிட்டு அந்த அட்டவணையைத் தொடாமல் விடுகிற ஆள் நிறைய. 'இன்டேக் டெம்பரேச்சர் கரெக்‌ஷன் எப்படி வைப்பீர்கள்?' என்று கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ரோட் டியூன் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இந்தக் கார் முழு பூஸ்ட்டில் நாலாவது கியரில் போனால் நெடுஞ்சாலையின் 110 வரம்பை எப்போதோ தாண்டிவிடும், பக்கத்தில் ஒருவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஓட்டுகிறவர் கண் மீட்டரில் இருக்கும். நம் தோட்டத்துச் சாலையில் ராத்திரி மாடு படுத்திருக்கும், ஷிஃப்ட் முடிந்து லைட் இல்லாத மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வீடு திரும்புவார்கள். அவர்கள் நம் ஆட்கள். ஒரு டியூனுக்காக அவர்கள் உயிரை வைத்து விளையாட நமக்கு உரிமை இல்லை. முழு பூஸ்ட், உயர் ஆர்பிஎம் வேலை முழுக்க டைனோவில்தான் நடக்க வேண்டும். ரோட்டில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை: காலையில் குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவது, ஏர்கான் போட்டதும் ஐடில் விழாமல் நிற்பது, 80, 90-இல் நிதானமாகப் போவது. அது டைனோவுக்குப் பிறகு, சட்டத்துக்குட்பட்ட வேகத்தில்.

டைனோ என்றாலும் எல்லாம் ஒன்றில்லை. வெறும் கனமான உருளையை உங்கள் கார் சுழற்றி, அது எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறுகிறது என்று கணக்குப் போடுகிற வகை ஒன்று. அதில் முழு திராட்டில் ஓட்டம் மட்டும்தான் நன்றாகத் தெரியும். இன்னொன்று பிரேக் போட்டு லோடு கொடுக்கிற வகை: 3,000 ஆர்பிஎம்மில் இன்ஜினை அப்படியே பிடித்து நிறுத்தி, திராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு கட்டமாக எண்ணைச் சரிசெய்யலாம். டைனோ டைனமிக்ஸ், மெயின்லைன், சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஹப்பில் மாட்டுகிற டைனாபேக் எல்லாம் இந்த வகை. நீங்கள் தினமும் ஓட்டுகிற கார் பெரும்பாலும் பாதித் திராட்டிலில்தான் ஓடும், அந்தக் கட்டங்களைச் சரிசெய்ய லோடு டைனோ வேண்டும். 'பார்ட் திராட்டிலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்?' என்று கேளுங்கள். மூணு ஓட்டம், ஒரு பிரின்ட், முடிந்தது என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

இப்போது அந்த 300. லான்சர் ஜிஎஸ்ஆர் ஜப்பானில் விற்கப்பட்டபோது அந்த இன்ஜினுக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 195, பிறகு வந்த மாடலில் 205. பெரிய டர்போவோடு 300 என்பது நடக்காத காரியம் இல்லை. ஆனால் எந்த 300? சக்கரத்தில் அளந்ததா, அதில் ஒரு சதவீதத்தைக் கூட்டி இன்ஜினில் இவ்வளவு என்று சொன்னதா? எந்த கரெக்‌ஷன்? காற்றின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்துகிற முறைகளில், பழைய எஸ்டிடி கணக்கில் போட்டால் எஸ்ஏஇ கணக்கைவிட சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும், காரில் ஒரு ஸ்குரூவும் மாறாமலே. இரண்டு கடையின் டைனோ எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தம் கிடையாது. அதே டைனோவில், அதே கியரில், அதே டயர் காற்றில், டியூனுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்பதுதான் உங்களுக்கு வேண்டும். பிரின்ட்டில் ஹார்ஸ்பவர் கோடு மட்டும் இருந்தால் போதாது. டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை), பூஸ்ட், காற்று-எரிபொருள் விகிதம் மூன்றும் ஆர்பிஎம்முக்கு எதிராக வரைந்திருக்க வேண்டும். ஒரு சின்ன சோதனை சொல்கிறேன்: ஹார்ஸ்பவரும் பவுண்ட்-ஃபுட் டார்க்கும் ஒரே அளவுகோலில் வரைந்த தாளில் இரண்டு கோடும் 5,252 ஆர்பிஎம்மில் ஒன்றையொன்று வெட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் ஒன்றிலிருந்துதான் மற்றதைக் கணக்கிடுகிறார்கள். டார்க் நியூட்டன் மீட்டரில் இருந்தால் இது பொருந்தாது, அதையும் கவனியுங்கள்.

முன்வீல் மட்டும் இழுக்கிற வண்டியில் 300 வந்தால் அதை ரோட்டில் இறக்குவது எப்படி என்பது தனிக் கதை. ஜிஎஸ்ஆர் நாலு வீல் டிரைவ், உங்கள் வீரா அப்படி இல்லை. 220, 230-இல் பூஸ்ட் அளவாக வைத்து, கீழ் ஆர்பிஎம்மிலிருந்தே டார்க் சமமாக வருகிற டியூன் உங்களுக்கு அதிகம் உதவும், கியர்பாக்ஸும் தாங்கும் என்பது என் எண்ணம். 'உனக்கு என்ன ஹார்ஸ்பவர் வேண்டும்?' என்று முதலில் கேட்கிற டியூனரைவிட, 'தினமும் ஓட்டுகிற காரா, செப்பாங்கில் டிராக் டேக்கு மட்டுமா, எந்த பெட்ரோல் ஊற்றுவீர்கள்?' என்று கேட்கிறவரிடம் போங்கள்.

பெட்ரோல் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், தோட்டப் பட்டணத்தில் இருக்கிறவர்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கோலாலம்பூர் கடையில் ரோன் 100 (ரோன் என்பது ஆக்டேன் எண், கூடக் கூட நாக்கிங்கைத் தாங்கும்) ஊற்றி டியூன் செய்வார்கள், எண் அழகாக வரும். ரோன் 100 எல்லா பம்ப்பிலும் கிடைக்கிற பொருள் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு நம் பக்கத்தில் திறந்திருக்கிற பம்ப்பில் ரோன் 97-கூடத் தீர்ந்துபோயிருக்கலாம், 95 ஊற்றிவிட்டுக் கிளம்புவீர்கள். அதே டைமிங்கில் 95-ஐ எரித்தால் நாக்கிங் வரும். அதனால் நீங்கள் வழக்கமாக ஊற்றுகிற 97-ஐயே, வழக்கமான பம்ப்பிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள், அதில் டியூன் செய்யச் சொல்லுங்கள். அதோடு ஈசியூவில் இரண்டாவது மேப் (எண்களின் தொகுப்பு) ஒன்று, 95-க்காக, பூஸ்ட்டும் டைமிங்கும் குறைத்து, ஒரு சுவிட்ச்சில் மாற்றிக்கொள்கிற மாதிரி போட்டுத் தரச் சொல்லுங்கள். ஹால்டெக், லிங்க் மாதிரி ஈசியூக்களில் இது சுலபம்.

போனிலேயே கேட்கக்கூடிய இன்னும் சில கேள்விகள். டியூன் ஆரம்பிக்கும் முன் டைமிங் லைட் வைத்து, ஈசியூ சொல்கிற டைமிங்கும் கிராங்க் புல்லியில் தெரிகிற குறியும் ஒன்றா என்று பார்ப்பாரா? இதை விட்டுவிட்டால் லேப்டாப்பில் 15 டிகிரி என்று காட்டும்போது உண்மையில் 20 ஆக இருக்கலாம், மேற்கொண்டு செய்கிற எல்லாமே பொய்க்கணக்காகிவிடும். வைட்பேண்ட் சென்சார் வைத்துத்தான் விகிதம் பார்ப்பாரா? காரோடு வந்த பழைய நேரோபேண்ட் சென்சார் 14.7-க்கு மேலா கீழா என்று மட்டும்தான் சொல்லும், முழு பூஸ்ட்டில் 11.5-ஆ 12.5-ஆ என்று அதற்குத் தெரியாது, அந்த வித்தியாசத்தில்தான் பிஸ்டன் உருகுகிறது. நாக்கிங்கை எப்படிக் கேட்பார், பிளாக்கில் மைக் மாட்டி ஹெட்ஃபோனிலா, ஈசியூ சென்சாரிலா? 'அனுபவத்தில் தெரியும்' என்பது பதில் இல்லை. இன்ஜெக்டர் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்று உச்சத்தில் பார்த்து, 85-ஐத் தாண்டினால் நிறுத்திவிடுவாரா? ஆயில் பிரஷர் விழுந்தால், பூஸ்ட் அளவுமீறினால், கலவையில் எரிபொருள் குறைந்தால் இன்ஜினை நிறுத்திவிடுகிற பாதுகாப்பு அமைப்புகளைப் போட்டுத் தருவாரா? இதுவரை எந்தக் காரையாவது 'இன்றைக்கு டியூன் செய்ய முடியாது, முதலில் இதைச் சரிசெய்து கொண்டுவா' என்று திருப்பி அனுப்பியிருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு நல்ல டியூனரிடம் கதை கதையாக இருக்கும்.

மேப் ஃபைல் யாருக்குச் சொந்தம் என்பதையும் பணம் கொடுக்கும் முன் பேசுங்கள். சிலர் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடுவார்கள். தன் உழைப்பை இன்னொருவர் காப்பி அடிக்கக் கூடாது என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஈசியூ உங்கள் பணம், அந்த ஆள் நாளைக்குக் கடையை மூடிவிட்டால் ஒரு இன்ஜெக்டர் மாற்றக்கூட யாராலும் முடியாது. ஃபைலின் ஒரு காப்பியும், டைனோ ஓட்டத்தின் லாக்கும் (ஈசியூ எடுத்த பதிவு) கையில் தருவதாக ஒப்புக்கொண்டால்தான் போங்கள். மாதம் ஒருமுறை வருகிற டியூனர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பிரச்சினை வந்தால் அவரா பொறுப்பு, ஃபோர்மனா பொறுப்பு என்று இரண்டு பேரும் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், ரசீதில் என்ன வேலை, எத்தனை வெள்ளி (ரிங்கிட்), பாகம் மாற்றினால் ரீடியூனுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

முடிந்தால் காரை எடுக்காமல் ஒரு நாள் வெறும் ஆளாகப் போய் நின்று பாருங்கள். உள்ளே எத்தனை கார் தூசி படிந்து கிடக்கிறது, பிரித்த பாகங்கள் பெயர் எழுதிய பெட்டியில் இருக்கிறதா, டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவாக முறுக்குகிற கருவி) சுவரில் சும்மா மாட்டி வைத்திருக்கிறதா, வேலை செய்கிறவர் கையில் இருக்கிறதா. அங்கே நிற்கிற ஒரு வாடிக்கையாளரிடம், டியூன் செய்து ஒரு வருஷம் கழித்தும் கார் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். நேற்று டியூன் செய்தவர் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள்.

பத்திர விஷயம் ஒன்றும் இருக்கிறது. இன்ஜின் மாற்றியதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும், கிராண்டில் (கார்ப் பதிவுப் பத்திரம்) இன்ஜின் எண் மாற வேண்டும், 1.5 இப்போது 1.8 ஆகிவிட்டதால் ரோட் டேக்ஸும் மாறும். காரை விற்கப் போகும்போது புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் எண்களைப் பார்ப்பார்கள், அங்கே மாட்டுவீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ்: மாற்றத்தைச் சொல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் கம்பெனி கையை விரிக்க இடமிருக்கிறது. 'அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று சொல்கிற கடை, இன்ஜினுக்குள்ளும் யாரும் பார்க்காத இடத்தில் அதே மனசோடுதான் வேலை செய்யும்.

டியூன் முடிந்து ஊருக்கு வந்ததும் ஒரு மதிய வெயிலில் ஈப்போவிலிருந்து மெனோரா சுரங்கத்தை நோக்கி ஏறுகிற மேட்டில், வரம்புக்குள் இருக்கிற வேகத்திலேயே, உயர்ந்த கியரில் ஏற்றி லாக் எடுத்து டியூனருக்கு அனுப்புங்கள். நீண்ட நேரம் லோடு கொடுக்கிற அந்த ஏற்றத்தில் தண்ணீர்ச் சூடும் இன்டேக் சூடும் எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். அந்த லாக்கைப் படித்துப் பார்த்து ஒரு திருத்தம் அனுப்புகிறவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். திறந்த ஏர் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், செம்பனை லோரிகள் ஓடுகிற செம்மண் சாலையில் அது தூசியை அப்படியே டர்போவுக்குள் இழுக்கும், இன்ஜின் சூட்டையும் சேர்த்து இழுக்கும். மூடிய பெட்டி போட்டு, வெளிக்காற்று வருகிற மாதிரி குழாய் வைத்துக்கொடுங்கள் என்று உங்கள் ஃபோர்மனிடம் சொல்லுங்கள், தகரத்தில் அழகாகச் செய்துவிடுவார். ஆனால் இதை டைனோவுக்குப் போகும் முன் செய்ய வேண்டும், காற்று வருகிற வழி மாறினால் டியூனும் மாறும்.

உங்கள் நிலைமையில் நான் முதலில் ஈப்போவில் லோடு டைனோ வைத்திருக்கிற கடைகளை விசாரிப்பேன். அரை மணி நேர ஓட்டம்தான், ரீடியூனுக்குத் திரும்பிப் போவது சுலபம். அங்கே இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் இல்லாவிட்டால் மட்டும் கோலாலம்பூர், அதுவும் காரை ஓட்டிக்கொண்டு இல்லை, டோ டிரக்கில் ஏற்றி. டியூன் ஆகாத டர்போ காரை 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போகாதீர்கள். அதற்கெல்லாம் முன்னால் கம்ப்ரஷன் எண் நாலையும், ஈசியூ என்ன மாடல், இன்ஜெக்டர் எத்தனை சிசி என்பதையும் இங்கே போடுங்கள். நாலில் ஒன்று இறங்கியிருந்தால் எங்கேயும் டைனோ புக் செய்ய வேண்டாம்.